வாத்தியார் பதில்கள்: மூன்று பென்ஸ் வரியும் பதின்மூன்று குடியேற்றங்களும்

சென்ற இதழில் அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. 34 ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவனை இப்படித் தூண்டிவிட்டால் லேசில் நிறுத்த மாட்டான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் குடியேற்றங்களின் மேல் பிரிட்டன் போட்ட முத்திரை வரி அப்படியொன்றும் பெரிய தொகை இல்லையாமே? அதற்காகவா இவ்வளவு கலவரம்? (வாசகி, தஞ்சாவூர்)

தொகையைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். இங்கிலாந்தில் இருந்தவர்கள் கட்டிய வரிக்கு முன்னால் அது சொற்பம். 1763இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. 'பிரெஞ்சுக்காரனிடமிருந்து உங்களைக் காக்கத்தானே செலவழித்தோம், கொஞ்சம் நீங்களும் கொடுங்கள்' என்றது லண்டன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் 1765ஆம் ஆண்டுச் சட்டம் எவற்றின் மேல் கைவைத்தது என்று பாருங்கள்: நிலப் பத்திரம், உயில், நீதிமன்ற மனு, செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு, பகடைக்காய்! வக்கீல், அச்சகக்காரர், மதுக்கடைக்காரர் என ஊரில் வாயுள்ள அத்தனை பேரையும் ஒரே சட்டத்தில் பகைத்துக்கொண்டார்கள். பாஸ்டனில் முத்திரைத்தாள் விநியோகிக்க நியமிக்கப்பட்டவர் ஆண்ட்ரூ ஆலிவர். அவருடைய கொடும்பாவியை ஒரு எல்ம் மரத்தில் தொங்கவிட்டார்கள். சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே மனிதர் பதவி வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்.

அடுத்த ஆண்டே சட்டத்தை ரத்து செய்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ரத்துச் சட்டத்தோடு கூடவே, 'எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற எங்களுக்கு அதிகாரம் உண்டு' என்று இன்னொரு சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்த நாடாளுமன்றத்தில் அமெரிக்கர் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூடக் கிடையாது. எவன் மடியில் எவன் கைவிடலாம் என்ற வழக்கு அங்கேதான் தொடங்கியது.

பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டியது நம் நீலகிரித் தேயிலையா? ஏன் கொட்டினார்கள்? (வாசகர், குன்னூர்)

உங்கள் ஊர்ப்பற்று வாழ்க. ஆனால் அது சீனத் தேயிலை. நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் வருவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. இருந்தாலும் கொண்டுவந்த வியாபாரி நமக்குத் தெரிந்தவர்தான்: சென்னைக் கோட்டையைக் கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனி.

கம்பெனி கடனில் முழுகிக் கொண்டிருந்தது. லண்டன் கிடங்குகளில் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. 1773இல் நாடாளுமன்றம் ஒரு வழி கண்டது. கம்பெனியே அமெரிக்காவுக்கு நேரடியாக அனுப்பட்டும், இங்கிலாந்தில் கட்டும் தீர்வையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றது. விலை இறங்கியது. அமெரிக்கத் துறைமுகத்தில் கட்டவேண்டிய, ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒரு பையன் கட்டாயம் எழுந்து, 'விலை குறைந்தால் நல்லதுதானே ஐயா?' என்பான். நல்ல கேள்வி. மலிவான தேநீரைக் குடித்தால் அந்த மூன்று பென்ஸையும், அதை விதிக்கும் உரிமையையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். உள்ளூர் வணிகர்களுக்கும், டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களுக்கும் பிழைப்பு போய்விடும். கொள்கையும் கல்லாப்பெட்டியும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான தருணம் அது. இரண்டாவதைச் சொல்லப் பாடப்புத்தகங்கள் கூச்சப்படுகின்றன.

கப்பல் வந்து 20 நாட்களுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யும். முதல் கப்பலுக்குக் கெடு முடியவிருந்தது. 1773 டிசம்பர் 16 இரவில் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள். வேறு எதையும் தொடவில்லை. ஒரு கப்பலில் உடைந்த பூட்டுக்குப் பதிலாக மறுநாள் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தார்களாம். பதிலுக்குப் பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தையே மூடியது. அதுவரை ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காத குடியேற்றங்களை அந்தக் கோபம்தான் 1774இல் பிலடெல்பியாவில் ஒரே அறையில் உட்கார வைத்தது.

அமெரிக்கப் போரில் யார்க்டவுனில் சரணடைந்த ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸும் திப்பு சுல்தானோடு போரிட்ட கார்ன்வாலிஸும் ஒருவர்தானா? (வாசகர், ஓசூர்)

ஒருவரேதான். 1781இல் அங்கே தோற்றவர் 1786இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார்.

அமெரிக்கப் போரின் கடைசிச் சண்டை கடலூரில் நடந்தது என்று கேள்விப்பட்டேன். கதைதானே? (வாசகி, புதுச்சேரி)

கதை அல்ல அம்மா. நான் மஞ்சக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன். மாணவர்களைத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்காரவைத்து இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். 1778இல் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டதும், பிரிட்டனும் பிரான்சும் எங்கெல்லாம் எதிரெதிரே இருந்தனவோ அங்கெல்லாம் போர் மூண்டது. அந்த ஆண்டே ஆங்கிலேயர் உங்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1782இல் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1783 ஜூனில் ஆங்கிலப் படை அதை முற்றுகையிட்டது. ஜூன் 20 அன்று கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் 15 போர்க்கப்பல்களும் ஆங்கிலத் தளபதி ஹ்யூஸின் 18 போர்க்கப்பல்களும் மோதின.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பிரிட்டனும் பிரான்சும் பூர்வாங்க சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது அந்த ஜனவரியிலேயே! செய்தி கப்பலேறிக் கடலூர் வந்து சேர்ந்தது ஜூன் 29இல். 'அப்படியானால் இங்கே செத்தவர்கள் எந்தக் கணக்கில் ஐயா?' என்று அன்று மணலில் இருந்து ஒரு பெண் கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல், சுண்டல் வாங்கிக்கொடுத்துக் கிளப்பிக்கொண்டு வந்தேன்.

போரில் வென்றதும் குடியரசு உருவாகிவிட்டதா? (கல்லூரி மாணவர், மதுரை)

தம்பி, எல்லோரும் சுதந்திரப் பிரகடன நாளான 1776 ஜூலை 4ஐ மனப்பாடம் செய்துவிட்டு நேரே வாஷிங்டன் ஜனாதிபதியானதற்குத் தாவிவிடுகிறோம். நடுவில் உள்ள ஆண்டுகளைத்தான் நான் விரும்பிப் படிப்பேன்.

1781இல் நடைமுறைக்கு வந்த முதல் கூட்டமைப்பு, போர் தொடுக்கலாம், தூதர் அனுப்பலாம். ஆனால் ஒரு காசு வரி போட முடியாது! மாநிலங்களிடம் கேட்கலாம், அவை மனமிருந்தால் கொடுக்கும். வரியால் சுட்டுக்கொண்டவர்கள் அல்லவா? இறக்குமதிக்கு ஐந்து சதவீதத் தீர்வை கேட்டபோது ரோட் ஐலண்ட் மறுத்தது. விதிகளைத் திருத்தப் பதின்மூன்று மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும் என்பதால், திட்டம் அங்கேயே விழுந்தது. படைவீரர்களின் சம்பளமோ பாக்கி நின்றது.

மாசசூசெட்ஸ் மாநிலம் தன் கடனை அடைக்க வரியை ஏற்றியது. கட்ட முடியாத விவசாயிகளை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். விடுதலைப் போரில் சண்டையிட்ட டேனியல் ஷேஸ் என்பவரும் கூட்டாளிகளும் 1786இல் அந்த நீதிமன்றங்களை மூடவைத்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கிப் போனபோது பீரங்கி சுட்டது. அடக்க மத்தியில் படையில்லை. பணக்காரர்களிடம் வசூல் செய்துதான் மாநிலம் படை திரட்டியது.

இந்தப் பயத்தோடுதான் 1787 மே மாதம் 55 பேர் பிலடெல்பியாவில் கூடினார்கள். பேச்சு வெளியே கசியாதிருக்கக் கதவை அடைத்துக்கொண்டு, கோடை வெக்கையில் நான்கு மாதம் வாதாடினார்கள். பெரிய மாநிலத்துக்கும் சிறியதற்கும் மூண்ட தகராறு, மக்கள்தொகைப்படி ஒரு சபை, மாநிலத்துக்கு இருவர் என்று செனட் சபை என்ற பேரத்தில் முடிந்தது. செப்டம்பர் 17இல் புதிய அரசமைப்புச் சட்டத்தில் 39 பேர் கையெழுத்திட்டார்கள். பிலடெல்பியாவுக்கு ஆளே அனுப்பாத ரோட் ஐலண்ட், 1790இல்தான் 34க்கு 32 என்ற வாக்கில் அரைமனதாக வந்து சேர்ந்தது. எல்லாக் கூட்டுக் குடும்பத்திலும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார்.

சுதந்திரப் பிரகடனத்தில் 'எல்லா மனிதரும் சமம்' என்று எழுதியவர்கள் அடிமைகளை வைத்திருந்தார்களே? (வாசகி, நெய்வேலி)

வைத்திருந்தார்கள். அதை எழுதிய ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். 1775இல் வர்ஜீனியாவின் ஆங்கில கவர்னர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் தப்பிவந்து படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். எத்தனையோ பேருக்கு விடுதலை மன்னர் தரப்பில்தான் தெரிந்தது. 1787இல் எழுதிய அரசமைப்புச் சட்டத்தில் 'அடிமை' என்ற சொல்லே கிடையாது. 'மற்ற நபர்கள்' என்று நாசூக்காகச் சொல்லி, பிரதிநிதித்துவக் கணக்குக்கு ஐவரை மூவராக எண்ணிக்கொண்டார்கள். அந்த மூவரின் பெயரால் அடிமைகளின் எஜமானர்களுக்குக் கூடுதல் இடங்கள் கிடைத்தன. 'அந்தக் காலம் அப்படி' என்று சமாதானம் சொல்லும் கட்டுரைகளை நான் மதிப்பெண் குறைத்தே திருத்துவேன்.

புதிய அரசு பிறகாவது வரி போட்டதா? மக்கள் கட்டினார்களா? (வாசகர், விருத்தாசலம்)

போட்டது. 1791இல் விஸ்கிக்கு. மேற்குப் பென்சில்வேனிய விவசாயிகள் தானியத்தை மலைதாண்டிச் சுமப்பதைவிட விஸ்கியாகக் காய்ச்சிக் கொண்டுபோவது லாபம் என்று வாழ்ந்தவர்கள். வசூலிக்க வந்த அதிகாரிகளைப் பிடித்துத் தாரும் இறகும் பூசி அனுப்பினார்கள். முன்பு மன்னரின் சுங்க அதிகாரிகளுக்குச் செய்த அதே மரியாதை! 1794இல் ஜனாதிபதி வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 பேரைத் திரட்டிக்கொண்டு தாமே பாதிவழி வரை குதிரையேறிப் போனார். படை போய்ச் சேர்ந்தபோது எதிர்த்து நிற்க ஆளில்லை. மரண தண்டனை பெற்ற இருவரையும் அவரே மன்னித்துவிட்டார். விஸ்கி வரியை 1802இல் எடுத்துவிட்டார்கள்.