சோறு போட்டால் நாயின் ஆயுள் குறையுமா?

கேள்வி: எங்கள் ஆண் லாப்ரடார் நாய்க்கு ஏழு வயது, எடை 41 கிலோ. கோழி சேர்த்த சோறும் தயிர் சாதமும்தான் தருகிறோம். "சோறு ஆயுளைக் குறைக்கும், தானியமே இல்லாத வெளிநாட்டு உணவுக்கு மாறுங்கள்" என்கிறார் கடைக்காரர். கால்சியம் டானிக்கும் கொடுத்திருக்கிறார். மாறலாமா டாக்டர்?
– வாசகி, திருச்சி

பதில்: மாற வேண்டாம் அம்மா. உங்கள் நாயின் ஆயுளைக் குறைக்கப்போவது சோறு அல்ல, அந்த 41 கிலோதான். நன்கு வளர்ந்த ஆண் லாப்ரடாருக்கே 36 கிலோவுக்கு மேல் ஆகாது. இத்தனை அறிவுரை சொன்னவர் எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா?

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடிகளாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு கொடுத்து, ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. உணவு ஒன்றேதான், அளவு மட்டுமே வேறு. குறைவாகத் தின்ற நாய்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. இவ்வளவு பலன் தரும் டானிக் எந்தக் கடையிலும் கிடைக்காது.

இன்றே நாயின் விலாவில் விரல்களை ஓட்டிப் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவும்போது எலும்புகள் தட்டுப்படுவதுபோல விலா எலும்புகள் தட்டுப்பட்டால் எடை சரி. அழுத்தித் தேடினால்தான் கிடைக்கிறது என்றால் உணவைக் குறைத்தே ஆக வேண்டும். முதலில் கை வைக்க வேண்டியது பிஸ்கட்டில். காலையில் அப்பா இரண்டு, மாலையில் பிள்ளைகள் நான்கு, இரவில் பாட்டி இரண்டு என்று எட்டு மேரி பிஸ்கட் போனால், அந்த நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதிலேயே முடிந்துவிடும். இதைச் சோற்றின் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

தானியம் நாய்க்கு ஆகாது என்பது வியாபாரப் பேச்சு. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் பல மடங்கு அதிகம் என்று 2013இலேயே கண்டறிந்துவிட்டார்கள். தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணியும் பருப்பும் நிறைந்த உணவுகளுக்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. அது நிரூபணமாகவில்லை. ஆனால் இரட்டை விலை கொடுத்து அந்தச் சந்தேகத்தை ஏன் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்?

கடைகளில் நாய் உணவு மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் அளந்து விற்கிறார்களே, அதை வாங்கவே வாங்காதீர்கள். காற்றுப் பட்டால் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். அதன் நச்சு கல்லீரலைக் கெடுக்கும். தயாரித்த தேதி எது, காலாவதி எது என்று கேட்டால் பதில் வராது. நம் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கால்நடைத் தீவனத்தை உணவுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஊருக்கு ஊர் செல்லப்பிராணிக் கடைகள் முளைத்த பிறகும் இப்படியே விட்டுவைத்திருப்பது அநியாயம்.

கால்சியம் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தரமான பாக்கெட் உணவு தின்னும் நாய்க்கு டானிக் தேவையே இல்லை. பெரிய இன நாய்களின் குட்டிகளுக்குக் கூடுதல் கால்சியம் கேடு; வேண்டாததைத் தள்ளிவிட அந்த வயதில் குடலுக்குத் தெரியாது, எலும்பு கோணலாகும். ஆனால் உங்கள் வீட்டு நாய் விதிவிலக்கு. எலும்பில்லாத கோழியும் சோறும் மட்டும் தின்னும் நாய்க்குப் பாஸ்பரஸ் நிறையக் கிடைக்கும், கால்சியம் சொற்பமே. பற்றாக்குறையை உடல் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதற்கும் டானிக் வேண்டாம். முட்டை ஓட்டைக் கழுவி, வேகவைத்து, காயவைத்து, மாவாக அரைத்து, அரை முதல் முக்கால் தேக்கரண்டி வரை தினமும் சோற்றில் கலந்தால் போதும். சரியான அளவை உங்கள் கால்நடை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். "எலும்பே போடுகிறேனே" என்று வேகவைத்த கோழி எலும்பைப் போடாதீர்கள். அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

குழம்புச் சோறும் கூடாது. வெங்காயம், பூண்டு நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சையும் கிஸ்மிஸும் சிறுநீரகத்தைத் தாக்கும்.

சோற்றைக் குறைத்து, வேகவைத்த பூசணி, பீன்ஸ் சேருங்கள். வாரத்துக்குச் சுமார் 400 கிராம் இறங்கினால் போதும். பட்டினி போட வேண்டாம். மாதம் ஒருமுறை மருத்துவமனையில் எடை பாருங்கள். நீங்கள் குறைக்காமலே எடை இறங்கி, தண்ணீரும் அதிகம் குடித்தால், அன்றே அழைத்துச் சென்று சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.