வலைத்தள அணுகல்தன்மை: எந்தப் பாடத்தை நம்பிப் படிப்பது?

வலைத்தளத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்வது, அதாவது அணுகல்தன்மை, பற்றி வீடியோ, கட்டுரை, சான்றிதழ் கோர்ஸ் என்று நிறையக் கிடக்கிறது, இதில் எது தரமானது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதில் ஒருமுறை தவறான இடத்தில் ஆரம்பித்தவன். அதைச் சொன்னால்தான் என் பதில் புரியும்.

நான் இருப்பது தண்டையார்பேட்டை. சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு வலைத்தளம் செய்து கொடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு ராயபுரத்தில் ஒரு கிளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட் பக்கம் செய்தேன். பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு வீடியோ தொடரை முழுக்கப் பார்த்தேன். அதில் சொன்னபடி எல்லாவற்றுக்கும் ஆரியா (ARIA, பக்கத்தில் எது என்ன என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் கூடுதல் குறியீடு) பெயர் கொடுத்தேன், ஒவ்வொரு பத்தியிலும் டாப் (Tab) விசை வந்து நிற்கும்படி செய்தேன். தானியங்கிக் கருவியில் சோதித்தால் நூற்றுக்கு நூறு.

எங்கள் பின் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், கொருக்குப்பேட்டையில் ரயிலேறி தினமும் வேலைக்குப் போகிறவர். அவரிடம் பக்கத்தைக் கொடுத்தேன். அவர் என்விடிஏ வைத்திருந்தார். அது இலவச ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் 2006இல் தொடங்கியது. நானும் கேட்கவேண்டும் என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார்.

முதலில் எச் விசையை அழுத்தினார். ஒரு பக்கத்தின் தலைப்புகளைத் தாவித் தாவிப் பார்க்க அதுதான் வழி. ‘தலைப்பு இல்லை’ என்றது. நான் தலைப்புகளைத் தலைப்பு என்று குறிக்காமல் வெறும் டிவ் (எச்டிஎம்எல்லின் பொதுவான பெட்டி) போட்டு எழுத்தைத் தடிமனாக்கி வைத்திருந்தேன், கண்ணுக்குத் தலைப்பு, காதுக்கு எதுவுமில்லை. அப்புறம் டாப் அழுத்த ஆரம்பித்தார். “இன்னா தம்பி இது, வரிக்கு வரி நிக்குது? படிக்கிறதுக்கு எனக்கு அம்புக்குறி கீது. டாப் போறது லிங்குக்கும் பட்டனுக்கும்தான்” என்றார். தேதி தேர்ந்தெடுக்கும் நாட்காட்டி மவுஸுக்கு மட்டும் வேலை செய்தது. ஃபோன் எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போனபோது பெட்டியின் ஓரம் சிவப்பானது, ஆனால் எந்தச் சத்தமும் இல்லை. ஏன் போகவில்லை என்று தெரியாமல் அவர் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் ஆகியும் அப்பாயின்ட்மென்ட் பதிவாகவில்லை.

அன்று இரவு அந்த வீடியோக்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அத்தனை மணி நேரத்தில் ஒரு இடத்தில்கூட ஸ்கிரீன் ரீடரை ஓடவிட்டு அது என்ன சொல்கிறது என்று கேட்க வைக்கவில்லை. அதிலிருந்து எந்தப் பாடத்திலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: மவுஸை ஓரமாக வைக்கச் சொல்கிறதா, காதால் கேட்கச் சொல்கிறதா? இல்லையென்றால் மூடிவிடுகிறேன்.

அடுத்து, அது எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். சாதாரண எச்டிஎம்எல் பட்டன், லேபிள், தலைப்பு இவற்றிலிருந்து தொடங்கினால் நல்ல பாடம். முதல் பாடமே ஆரியா என்றால் தள்ளி வையுங்கள். எச்டிஎம்எல்லிலேயே இருப்பதைப் பயன்படுத்து என்பதுதான் ஆரியாவின் முதல் விதியே. அணுகல்தன்மைக்காக இயங்கும் வெப்எய்ம் (WebAIM) அமைப்பு வருடாவருடம் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025இல் 94.8 சதவீதப் பக்கங்களில் கருவியே கண்டுபிடிக்கக்கூடிய பிழை இருந்தது. ஆரியா உள்ள பக்கங்களில் அது இல்லாதவற்றைவிட சராசரியாக அதிகப் பிழை. சிக்கலான பக்கங்களில்தான் ஆரியா அதிகம் வரும், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இந்தக் கடைசி வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்கிற ஆசிரியரை நான் நம்புவேன்.

விதி எது, யோசனை எது என்று பிரிக்கிறாரா என்பதும் முக்கியம். அணுகல்தன்மைக்கான சர்வதேச விதித்தொகுப்பின் பெயர் டபிள்யூசிஏஜி (WCAG). ‘ஒரு பக்கத்தில் ஒரே ஒரு எச்1 (முதல்நிலைத் தலைப்பு) தான் இருக்கவேண்டும், டபிள்யூசிஏஜி சொல்கிறது’ என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அப்படி ஒரு விதி அதில் கிடையாது. எழுத்து குறைந்தபட்சம் இத்தனை பிக்சல் என்ற விதியும் இல்லை, 200 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கம் உடையக்கூடாது என்பதுதான் விதி. எல்லாப் படத்துக்கும் விளக்கம் எழுது என்பதும் தவறு, வெறும் அலங்காரப் படத்துக்கு ஆல்ட்டை (படத்தின் விளக்கம் எழுதும் இடம்) காலியாக விடவேண்டும். இந்த மூன்றையும் ஒரு பாடத்தில் தேடிப் பார்த்தாலே அதை எழுதியவர் மூலத்தைப் படித்தாரா என்று தெரிந்துவிடும்.

தேதியை மட்டும் வைத்து ஒதுக்காதீர்கள். டபிள்யூசிஏஜி 2.0 வந்தது 2008, 2.1 வந்தது 2018, 2.2 வந்தது 2023. பெரும்பாலும் பழையதன் மேல் புதியதைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற நிறவேறுபாடு 2008இல் இருந்தது, இன்றும் இருக்கிறது. 2.2இல் எடுத்துவிட்ட 4.1.1 என்ற விதியை (குறியீடு இலக்கணப் பிழையின்றி இருக்கவேண்டும் என்பது) இன்னும் கட்டாயம் என்று சொல்லிக்கொண்டிருந்தால்தான் அந்தப் பாடம் பழசு.

சரி, நம் ஊருக்கு என்று ஒன்று. ஆங்கிலப் பாடங்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்தைத்தான் பேசும். நமக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருக்கிறது. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. தமிழ்ப் பக்கத்தின் சிக்கலும் அந்தப் பாடங்களில் வராது. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரலே தமிழைப் படிக்க முயன்று தடுமாறும். யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவில் அடித்ததெல்லாம் ஸ்கிரீன் ரீடருக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப் அதற்கு வெறும் படம். இது மூன்றையும் நான் அந்த அண்ணனிடம்தான் கற்றேன்.

எங்கே தொடங்குவது என்றால், டபிள்யூசிஏஜியை வெளியிடும் டபிள்யூ3சி (W3C) அமைப்பின் அணுகல்தன்மைப் பக்கங்கள், அவர்களே தரும் இலவச ஆன்லைன் கோர்ஸ், பிறகு வெப்எய்ம் கட்டுரைகள். கூடவே முதல் நாளே என்விடிஏவை இறக்கிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு ஃபோனில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். நீங்கள் தினமும் திறக்கும் ஒரு தளத்தைத் திரையை அணைத்துவிட்டுப் பயன்படுத்திப் பாருங்கள். ஆனால் உங்கள் காதையும் முழுக்க நம்பவேண்டாம். நாம் பத்து நிமிடம் பழகியவர்கள், அவர்கள் வருடக்கணக்காகப் பழகியவர்கள். உண்மையான பயனாளர் ஒருவரை உட்காரவைத்தால் அவர் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். நான் இப்போது ஒவ்வொரு கொட்டேஷனிலும் அதைத் தனி வரியாகப் போடுகிறேன், ஏன் என்று கேட்ட எல்லா வாடிக்கையாளரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

காசு கட்டிப் படிக்கும் கோர்ஸ் ஏதாவது மனதில் இருந்தால், கட்டுவதற்கு முன் அதன் பக்கத்தைத் திறந்து மவுஸைத் தொடாமல் மாதிரி வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, வசன வரிகளைப் போட்டுப் பாருங்கள். அதுவே முடியவில்லையென்றால் பணம் கட்டவேண்டாம்.