மறு: செவ்வாய் கப்பல் டிசைன்ல லைஃப் சப்போர்ட்டை ஒரே மாட்யூல்ல வைக்கலாமா?

கப்பலோட ஆறு மாட்யூலுக்கும் (தனித்தனி அறைப் பகுதிகள்) தனித்தனியா லைஃப் சப்போர்ட் (ஆளுங்க உயிரோட இருக்க காத்து, தண்ணி தர்ற சிஸ்டம்) போட்டு எடை ஏறிப்போச்சு, மொத்தத்தையும் ஒண்ணுலயே வச்சிடவான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு வேண்டாங்க. ஆறு தேவையில்ல, ஆனா ரெண்டு இடத்துல கட்டாயம் இருக்கணும், ஒண்ணுல முழு சிஸ்டம், இன்னொண்ணுல அது ரிப்பேராகி வர்ற வரைக்கும் எல்லாரும் தாக்குப்பிடிக்கிற அளவுக்கு.

1997ல மிர்ங்கற ரஷ்ய விண்வெளி நிலையத்துல ஒரு ப்ரோக்ரஸ் சரக்குக் கப்பல் மோதி ஸ்பெக்டர் மாட்யூல்ல ஓட்டை விழுந்துச்சு, காத்து போய்ட்டே இருக்கு, கதவை மூடலாம்னா வாசல் வழியா கேபிளா ஓடுது, அதையெல்லாம் கழட்டி, கழட்ட வராததை அறுத்துட்டுதான் மூட முடிஞ்சுது. ஸ்பெக்டர் போச்சு, மிச்ச நிலையம் பிழைச்சுது. உங்க டிசைன் படத்துலயும் பவர் கேபிள் ஹேட்ச் (மாட்யூல் கதவு) நடுவுலதான் போகுது, அதை முதல்ல மாத்துங்க, சுவர்லயே கனெக்டர் வைங்க.

ஃபில்டர் எல்லாத்துக்கும் ஒரே சைஸா இருக்கட்டும். நிலாவுக்குக் கிளம்பின அப்பல்லோ 13ல கமாண்ட் மாட்யூலோட ஃபில்டர் டப்பா சதுரம், நிலால இறங்கறதுக்கான லூனார் மாட்யூல்ல வட்டம், சதுரத்தை அங்க பொருத்த பிளாஸ்டிக் கவரும் டேப்பும் வச்சு ஒட்டித்தான் கார்பன் டை ஆக்சைடை குறைச்சாங்க.

எடைக்கு வழி மாட்யூல் எண்ணிக்கைய குறைக்கறதுதான், ஒவ்வொரு இணைப்புக்கும் வளையம், ஹேட்ச், சீல்னு ரெண்டு பக்கமும் ஏறுது. நாலா மாத்தி படத்தை போடுங்க, பாக்குறேன்.