ஓடிய காருக்கு எந்த டயர்?

கேள்வி: எங்களிடம் 2014ஆம் ஆண்டு மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல் கார் இருக்கிறது. இரண்டாம் கையாக வாங்கியது. 1,42,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. நாங்கள் ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறோம், ஆனால் மாதம் ஒருமுறை மாமியாரைப் பார்க்க வால்பாறைக்குப் போய் வருகிறோம். முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் மொட்டையாகிவிட்டன. பின் டயர்களில் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) பாதிக்கு மேல் இருக்கிறது. கடையில் நான்கையும் மாற்றச் சொல்லி 21,000 ரூபாய் கேட்கிறார்கள். எங்களால் 14,000 வரைதான் முடியும். டாக்ஸிக்காரர்கள் போடும் அதிக ஆயுள் டயர் வாங்கலாமா? பழைய டயர்மேல் புது ரப்பர் பட்டை ஒட்டி ரீட்ரெட் செய்யலாமா? 185 அகலத்தில் போட்டால் பிடிப்பு கூடும் என்பது உண்மையா? — வாசகி, பொள்ளாச்சி

பதில்: சகோதரி, டயர் கடைக்குப் போவதற்கு முன் நீங்கள் போக வேண்டிய இடம் மெக்கானிக் ஷெட். முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பது டயரின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு. காற்று குறைவாக ஓடினால் இரண்டு ஓரங்களும் தேயும், காற்று அதிகமானால் நடுப்பகுதி தேயும். ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரத்தின் கோணம் மாறியிருக்கிறது என்று பொருள். உள்ளங்கையைத் தேய்ந்த பகுதியின் மேல் குறுக்காக வைத்து உள்ளிருந்து வெளியே ஒருமுறையும், வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் அரம்போலவும் கையில் உறுத்தினால், அந்தச் சக்கரம் நேராக உருளாமல் ஒவ்வொரு சுற்றிலும் சாலையில் சிறிது உரசியபடியே வந்திருக்கிறது.

1,42,000 கிலோமீட்டர் ஓடிய காரில் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது, மட்டும் செய்தால் போதாது. முன்சக்கரத்தைப் பிடித்துவைக்கும் லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர் உறை), பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் ஆகிய இணைப்புகளில் ஆட்டம் இருந்தால், மெஷினில் சரியாக வைத்த கோணம் அடுத்த பள்ளத்திலேயே மாறிவிடும். என் பழைய காரில் இதைப் பார்க்காமல் புது டயர் இரண்டு போட்டேன். 9,000 கிலோமீட்டருக்குள் உள்விளிம்பில் கம்பி தெரிந்த பிறகுதான், புஷ் கிழிந்திருந்தது கண்ணில் பட்டது. அந்த இரண்டு டயரின் விலையில் புஷ் வேலையைப் பலமுறை முடித்திருக்கலாம். ஆகவே கடைக்காரர் சொன்ன விலைப்படியே இரண்டு டயருக்கு 10,500 ரூபாயை ஒதுக்கிவிட்டு, மீதி 3,500 ரூபாயை முதலில் முன்பக்க வேலைக்கும் அலைன்மென்ட், பேலன்சிங்குக்கும் செலவிடுங்கள். நான்கையும் மாற்ற வேண்டிய அவசியம் உங்கள் காருக்கு இப்போது இல்லை.

அதிக ஆயுள் டயர் பற்றி. சியட் மைலேஸ் எக்ஸ்3, ஜேகே டாக்ஸிமேக்ஸ், அப்போலோ அமேசர் 4ஜி லைஃப் போன்றவை நீண்ட ஓட்டத்தை முன்னிறுத்தி விற்கப்படுபவை. நாள் முழுவதும் ஓடும் வண்டிக்கு நல்ல தேர்வு. ஆனால் ஏற்கெனவே நிறைய ஓடிய கார் வேறு, இனி நிறைய ஓடப்போகும் கார் வேறு. நீங்கள் ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் 6 ஆண்டுகளில் 60,000தான் வரும். நம் ஊர் வெயிலில் அதற்குள் ரப்பர் இறுகி, பக்கச் சுவரில் வெடிப்பு விடத் தொடங்கும். 6 ஆண்டுக்கு மேல் எந்த டயரையும் நம்பி மலை ஏற வேண்டாம் என்பது என் கருத்து. லட்சம் கிலோமீட்டர் ஆயுளுக்குப் பணம் கொடுத்து, அதில் 40,000ஐப் பயன்படுத்தாமலே கழற்றி எறிவதில் லாபம் என்ன? பொதுவாகத் தேய்மானம் குறைய ரப்பர் கலவையைக் கடினமாக்கும்போது ஈரச் சாலையில் பிடிப்பு சற்றுக் குறைகிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகளை மழையில் ஏறி இறங்கும் குடும்பத்துக்கு அந்தப் பிடிப்புதான் முதல் தேவை. நடுத்தர விலையில், ஈரப் பிடிப்புக்குப் பெயர் பெற்ற சாதாரண குடும்பக் கார் டயரைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் காரின் அளவு 165/80 ஆர்14 (அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்) என்றால் அதையே போடுங்கள். 185/70 ஆர்14 டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய அதே அளவுதான், ரிம்மிலும் உட்காரும். ஆனால் விலை கூடும், ஸ்டியரிங் கனக்கும், டீசலும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். ரீட்ரெட் செய்த டயர் லாரிக்குப் பொருந்தும். வேகமாகப் போகும் குடும்பக் காருக்கு வேண்டவே வேண்டாம்.

இனி, மெக்கானிக்குகள் பலரும் என்னோடு மாறுபடும் இடத்துக்கு வருகிறேன். புது டயர் இரண்டையும் பின்சக்கரங்களில் போடுங்கள். பின்னால் இருக்கும் பாதி தேய்ந்த டயர்களை முன்னால் கொண்டுவாருங்கள். இஞ்சின் முன்சக்கரங்களைத்தான் இழுக்கிறது, ஆகவே புதியது முன்னால் என்று வாதிடுவார்கள். ஈர வளைவில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பின் டயர் வழுக்கினாலோ வால்பகுதி சுழன்று வரும். அதைத் திருப்பிப் பிடிப்பது தேர்ந்த ஓட்டுநருக்கே கடினம், வால்பாறைச் சாலையில் அதற்கு இடமும் கிடையாது. முன்னால் வரும் டயர்களின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் ஆழம் 1.6 மில்லிமீட்டர், சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை. மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

வாங்கும்போது பக்கச் சுவரில் சிறு நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களை நீங்களே குனிந்து பாருங்கள். 3525 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் தயாரானது. ஓராண்டுக்கு மேற்பட்டதானால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள் அல்லது வேறு கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத மலிவு டயரைத் தொடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 4,000 ரூபாய் உள்ள டயரில் மட்டும் 400 ரூபாய் மிச்சம். டயர் எண்ணோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2013இல் வாங்கிய எங்கள் காரின் ஸ்டெப்னி தரையையே தொட்டதில்லை, பட்டன் புதிதுபோல் இருக்கிறது. தேய்ந்த டயருக்குப் பதில் அதைப் போட்டு ஒரு டயர் செலவை மிச்சப்படுத்தலாமா? — வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம் ஐயா. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிறது. டிக்கியில் கிடந்தாலும் 10 ஆண்டைக் கடந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறும்போது பட்டை பிரிந்து வர இடமுண்டு. இப்போது கழற்றும் டயர்களில் 3 மில்லிமீட்டராவது பட்டன் மிஞ்சியிருந்து, வெடிப்பும் இல்லாத ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், மற்ற நான்கோடு சேர்த்து அதற்கும் காற்று பாருங்கள்.