வீட்டில் பாட ஒரு மைக் செட்: வாசகர் கேள்வி பதில்

பாடகர் குரல் இல்லாத இசையோடு சேர்ந்து நாமே பாடுகிற வீட்டுக் கரோக்கே பற்றி வந்துள்ள கடிதங்களுக்கு இந்த முறை விடை எழுதுகிறேன். நாகர்கோவிலில் பல ஆண்டுகள் மைக் செட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன் என்பதால், கடைகளின் விளம்பரச் சீட்டுகளை நான் அவ்வளவாக மதிப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் தக்கலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கணவரும் பேரப்பிள்ளைகளும் பழைய பாடல்களைப் பாடுவதற்காக, 30,000 ரூபாய்க்குள் ஒரு கரோக்கே செட் வாங்கும்படி துபாயிலிருக்கும் மகன் சொல்கிறான். கடையில் இரண்டு கார்ட்லெஸ் மைக்குகளோடு வண்ண விளக்கு சுழலும் டிராலி ஸ்பீக்கர் ஒன்றைக் காட்டி, "5,000 வாட்" என்றார்கள். எங்கள் முன்னறை 14 அடிக்கு 12 அடி. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், அம்மா. அதை வாங்கினால் விளக்குக்கும் சக்கரத்துக்கும் பணம் போய்விடும். குரலுக்கு மிஞ்சுவது கொஞ்சமே.

முதலில் அந்த 5,000 என்ற எண்ணைப் பார்ப்போம். இத்தகைய பெட்டிகளின் மேல் அச்சிடப்படுவது பெரும்பாலும் பி.எம்.பி.ஓ. என்னும் அளவு. அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது என்பதால், ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றியபடி கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஒரு ஸ்பீக்கர் தொடர்ந்து எவ்வளவு ஒலிக்கும் என்பதை ஓரளவு நேர்மையாகச் சொல்வது ஆர்.எம்.எஸ். வாட்தான். கடைக்காரர் அதைச் சொல்லத் தயங்கினால், ஸ்பீக்கரைத் திருப்பி, சார்ஜர் செருகும் துளைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள். அதில் 15 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிவரும் தொகை 45 வாட். உள்ளே இருக்கும் பேட்டரியின் துணையால் சிறிது நேரம் அதைவிடக் கூடுதலாக ஒலிக்கலாமே தவிர, 45 வாட்டை உண்கிற பொருள் 5,000 வாட்டைக் கொடுக்க வழியில்லை. இந்தக் கணக்கை ஓர் ஆசிரியைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேலும், வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றுவதற்கு ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். எனவே உங்கள் அறைக்கு, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த, 8 அல்லது 10 அங்குல ஊஃபர் கொண்ட பவர்டு ஸ்பீக்கர் ஒன்று ஆர்.எம்.எஸ். 100 வாட் அளவில் இருந்தால் தாராளம். உங்களிடமுள்ள தொகையில் பாதியை அதற்கும், கால் பங்கை மைக்குகளுக்கும், மீதியை, மைக்கின் குரலையும் பாட்டையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஒரு சிறிய மிக்ஸருக்கும் கேபிளுக்கும் ஸ்டாண்டுக்கும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மைக் வாங்கும்போது வயர் உள்ள டைனமிக் மைக்காகக் கேளுங்கள். கண்டன்சர் மைக் துல்லியமானது என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அந்தத் துல்லியம் மின்விசிறியின் காற்றையும், அடுக்களைக் குக்கரின் விசிலையும், முற்றத்தில் பெய்கிற மழையையும் சேர்த்தே பிடித்துக்கொண்டு வரும். அதற்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் கொடுக்க வேண்டும். டைனமிக் மைக் வாயருகே வருகிற ஒலியைத்தான் நன்றாக வாங்கும், கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஷூர் கம்பெனி 1966இல் கொண்டுவந்த எஸ்.எம்.58 இந்த வகைதான்; அது இன்றும் மேடைகளில் இருக்கிறது. வீட்டுக்கு அவ்வளவு விலை தேவையில்லை. நம் மைக் செட்டுக்காரர்கள் வைத்திருக்கும் அகூஜா போன்ற உள்நாட்டு மைக்குகளே போதும். கடையில் மைக்கை ஆன் செய்து, விரலால் அதன் உடலை மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டும் ஓசை ஸ்பீக்கரில் இடி போலக் கேட்டால், கையில் பிடித்துப் பாடும்போதும் அப்படியே கேட்கும். பிறகு வாயருகே வைத்து "பப்படம், பப்படம்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு பகரத்துக்கும் காற்று மோதி வெடித்தால் அந்த மைக்கை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

மிக்ஸரில் கேனன் சாக்கெட்டுடன் (எக்ஸ்.எல்.ஆர். என்னும் மூன்று பின் மைக் இணைப்பு) இரண்டு மைக் சேனல்களும், எக்கோ அல்லது ரிவெர்ப் வசதியும், ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் எவ்வளவு ஏற்றுவது என்று வைக்கத் தனித்தனி கெயின் குமிழும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து, ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு பி-38 ஜாக்கும் (கால் அங்குலத் தடிமனுள்ள பின்) உள்ள கேபிளால் மிக்ஸருக்குப் பாட்டைக் கொண்டுவரலாம். சில புதிய டிவிகளில் ஹெட்போன் துளையே கிடையாது, ஆப்டிகல் துளை மட்டும் இருக்கும். அப்போது ஆப்டிகலை அனலாக் ஆக்கும் சிறிய கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி, டிவியின் ஆடியோ செட்டிங்கில் பி.சி.எம். என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் "கன்வெர்ட்டர் கேடு" என்று திருப்பிக் கொடுத்தவர்களை நான் அறிவேன்.

கெயின் வைப்பதற்கு ஒரே முறைதான். பாட்டில் உச்சத்தில் வருகிற வரியை முழுக் குரலில் பாடச் சொல்லி, சிவப்பு விளக்கு எப்போதாவது கண் சிமிட்டும் அளவுக்கு ஏற்றி, பின்பு ஒரு இழை குறைத்துவிடுங்கள். விளக்கு நின்று எரிந்தால் குரல் கரகரக்கும். அதை வேறு எந்தக் குமிழாலும் சரிசெய்ய முடியாது.

கேள்வி: குளச்சலில் இருக்கிறேன். மிக்ஸர், மைக் எல்லாம் வாங்கிவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே நல்ல ப்ளூடூத் ஸ்பீக்கர் இருந்ததால், மிக்ஸரிலிருந்து ஒரு ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் வழியாக அதற்கு இணைத்தேன். பாடும்போது என் குரல் எனக்கே பின்னால் வருகிறது, தாளம் தவறுகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: அந்த டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு, மிக்ஸருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு வயரைப் போடுங்கள். ஸ்பீக்கரில் வயர் செருகும் ஆக்ஸ் துளை இருந்தால் செலவு ஒரு கேபிளோடு முடிந்துவிடும்.

ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி, பொட்டலம் கட்டி அனுப்பி, மறுமுனையில் அவிழ்த்து ஒலிக்கிறது. சாதாரண ப்ளூடூத்தில் இதற்கு 200 மில்லிவினாடி வரையிலோ, சில சமயம் அதற்கு மேலோ ஆகிறது. காற்றில் ஒலி அந்த நேரத்துக்குள் ஏறத்தாழ 69 மீட்டர் போய்விடும். ஆகவே நீங்கள் பாடுவது, தெருக்கோடியில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து வரும் உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுவதற்குச் சமம். நிமிடத்துக்கு 120 தட்டு விழுகிற பாட்டில் ஒரு தட்டு அரை வினாடிதான்; அதில் 200 மில்லிவினாடி என்பது கிட்டத்தட்ட பாதி. தாளம் தவறாமல் என்ன செய்யும்?

இதில் ஒரு நுட்பத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பாட்டு ப்ளூடூத்தில் வந்து, மைக் மட்டும் வயரில் நேராக ஸ்பீக்கருக்குப் போனால் தாளத்துக்கு ஒரு குறையும் வராது. பாட்டு தாமதமாக வந்தாலும், வந்த பாட்டைக் கேட்டுத்தான் நீங்கள் பாடுகிறீர்கள். உங்கள் குரல் உடனே ஒலிக்கிறது. திரையில் வரி மட்டும் சற்று முந்திக்கொள்ளும், அவ்வளவுதான். எனவே பாட்டு எந்த வழியில் வேண்டுமானாலும் வரட்டும், குரல் ப்ளூடூத்தைத் தொடக்கூடாது. டிவியின் எச்.டி.எம்.ஐ. வழியாக இணைத்த சவுண்ட்பாரில் குரலை ஒலிக்கவிட்டாலும் இதே தாமதம் பல நேரங்களில் வரும்.

என் பேத்தி ஒருமுறை இப்படித்தான் பின்தங்கிப் பின்தங்கிப் பாடினாள். தாள ஞானம் போதவில்லை என்று நானே அவளைக் கண்டித்தேன். வாய்ப்பாட்டு வகுப்பில் சேர்க்கச் சொல்லி மருமகளிடமும் பேசிவிட்டேன். ஸ்பீக்கரை அவள் அப்பா ப்ளூடூத்தில் இணைத்திருந்ததை மறுநாள்தான் கவனித்தேன். மைக் செட்டுக்காரன் என்று பெயர்தான்.

கார்ட்லெஸ் மைக் வேண்டுமென்றால், தனி ரிசீவர் பெட்டியோடு வரும் யு.எச்.எஃப். வகையை வாங்குங்கள், அதில் தாமதம் உணரும் அளவுக்கு இருக்காது.

கேள்வி: மார்த்தாண்டத்தில் புது வீடு கட்டியிருக்கிறோம். ஹாலில் மைக்கை எடுத்தாலே ஸ்பீக்கர் ஊளையிடுகிறது. இதே செட் பழைய வீட்டில் ஒழுங்காகப் பாடியது. செட்டில் ஏதேனும் கோளாறா?

பதில்: கோளாறு செட்டில் இல்லை, ஹாலில் இருக்கிறது. பழைய வீடு ஓடு வேய்ந்து, மரமச்சு போட்டு, துணியும் பாயும் நிறைந்ததாக இருந்திருக்கும். அவை ஒலியை விழுங்கிக்கொள்ளும். புது வீட்டின் வழுவழுப்பான டைல்ஸ் தரையும் கண்ணாடி ஜன்னலும் வெறுஞ்சுவரும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புகின்றன. திரும்பி வந்த ஒலி மைக்குக்குள் நுழைந்து, மீண்டும் ஸ்பீக்கரில் வந்து, மீண்டும் மைக்குக்குள் நுழைந்து வளர்வதே ஊளை.

ஜன்னலுக்குக் கனமான திரையும், தரைக்கு ஒரு ஜமுக்காளமும் போட்டாலே பாதி அடங்கும். டிவியின் இரு பக்கமும் ஸ்பீக்கரை வைத்து, பாடுகிறவர் டிவியைப் பார்த்து நின்றால், மைக்கின் வால் ஸ்பீக்கரை நோக்கியிருக்கும். முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் கார்டியாய்டு வகை மைக் பின்னாலிருந்து வரும் ஒலியை மிகக் குறைவாகவே வாங்கும். சூப்பர் கார்டியாய்டு என்றால் பின்பக்கமும் சிறிது வாங்கும் என்பதால், வாலை நேராக ஸ்பீக்கருக்குக் காட்டாமல் சற்றே சாய்த்துப் பிடிக்க வேண்டும். பாடி முடித்த பையன் மைக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் நடந்தால் எந்தச் செட்டும் ஊளையிடும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதும் அப்படித்தான்: பொத்தினால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். அப்படிப் பிடிப்பது ஸ்டைல் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எக்கோவையும் பாதியாகக் குறையுங்கள். உங்கள் ஹாலே போதுமான எக்கோவைத் தருகிறது.

கேள்வி: என் மிக்ஸரில் "வோக்கல் கட்" பட்டன் இருக்கிறது. 1960களின் பாட்டுகளில் அதை அழுத்தினால் பாட்டே காணாமல் போகிறது. மேலும், ஆண் பாடிய பாட்டை என் மனைவி பாட என்ன வழி? (குலசேகரம்)

பதில்: அந்தப் பட்டன் இடது பக்க ஒலியிலிருந்து வலது பக்க ஒலியைக் கழிக்கிறது. ஸ்டீரியோ பாட்டில் குரல் நடுவே, இரு பக்கமும் சமமாக இருக்கும் என்பதால் கழித்தால் குரல் போய்விடும். நடுவிலிருக்கும் பேஸும் (தாழ்ந்த, கனத்த ஓசை) டிரம்மும் அதோடு சேர்ந்து போகும். நீங்கள் சொல்லும் காலத்துப் பாட்டுகள் மோனோவில் பதிவானவை. இரு பக்கமும் ஒன்றே என்றால் கழித்து மிஞ்சுவது சூனியம். அத்தகைய பாட்டுகளுக்கு, தனியாக இசைத்துப் பதிந்த கரோக்கே டிராக்குகளையே தேடுங்கள். இல்லையென்றால் செயற்கை நுண்ணறிவால் குரலைப் பிரிக்கும் மென்பொருள்கள் மோனோவிலும் ஓரளவு வேலை செய்கின்றன.

சுருதியை மாற்ற, கரோக்கே செயலியிலோ பிளேயரிலோ உள்ள "கீ" என்பதை ஏற்றலாம், இறக்கலாம். கட்டை என்பது சுருதியின் அளவு; ஒரு படி என்பது அரைக் கட்டை. ஆனால் மூன்று கட்டைக்கும் நான்கு கட்டைக்கும் நடுவே ஒரே படிதான் என்பதை நினைவில் வையுங்கள். மூன்றரைக் கட்டை கேட்டால் ஆர்மோனியக்காரர் சிரிப்பார். கச்சேரியில் ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவது வழக்கம் என்பதால், ஆண் பாட்டைப் பெண் மேல் ஸ்தாயியில் பாட, டிராக்கை நான்கைந்து படி இறக்க வேண்டிவரும். நான்கு படியைத் தாண்டினால் வாத்தியங்களின் ஓசை இயல்பிழந்துவிடுவதால், பெண் குரலுக்கென்றே பதிந்த டிராக் கிடைத்தால் அதுவே மேல்.

கேள்வி: இரவில் பாட சட்டத்தில் தடை உண்டா? பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். (நாகர்கோவில்)

பதில்: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் அளவு. சொந்த வீட்டு ஒலிக்கருவியின் சத்தம், உங்கள் வேலியருகே இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. சுவரைத் துளைத்துப் போவது பேஸ்தான். அதைக் குறைத்து, ஸ்பீக்கரைப் பொதுச்சுவரில் சாய்க்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். பக்கத்து வீட்டாரையும் ஒரு நாள் பாடக் கூப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: மணவாளக்குறிச்சியில் கடலுக்கு அருகில் வீடு. ஒரே ஆண்டில் மைக்கின் வலை துருப்பிடித்துவிட்டது, ஜாக்கைத் தொட்டால் கரகரவென்கிறது.

பதில்: உப்புக் காற்று செய்கிற வேலை. உலோகத்தின்மேல் படிகிற உப்பு, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு அரிக்கிறது. இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் இரண்டுமே கொட்டுகிற நம் மாவட்டத்தில் ஈரத்துக்கு ஓய்வே கிடையாது.

பெரும்பாலான டைனமிக் மைக்குகளின் உருண்டை வலையைத் திருகிக் கழற்றிவிடலாம். வலையையும் உள்ளே இருக்கும் பஞ்சையும் சோப்பு நீரில் அலசி, நிழலில் ஒரு நாள் முழுவதும் உலர்த்தி மாட்டுங்கள். நடுவிலுள்ள, ஒலியை வாங்கும் கேப்ஸ்யூலில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. ஜாக்குக்கு, மின்சாரத்தை அணைத்துவிட்டு கான்டாக்ட் கிளீனரைச் சிறிதே தெளித்து, பின்னைப் பத்து முறை செருகி உருவுங்கள். வேலை முடிந்ததும் கார்ட்லெஸ் மைக்கின் பேட்டரியைக் கழற்றி வைத்து, மைக்குகளை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். மிக்ஸரையும் ஸ்பீக்கரையும் வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளே எழும் சூடு ஈரத்தை விரட்டும். இடி கேட்டால் மட்டும், பாட்டு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, எல்லாப் பிளக்குகளையும் டிவியின் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.