மகனை சாரணர்ல விடலாமோ?

கேள்வி: மகனுக்கு 11 வயசு, பள்ளிக்கூடத்தில சாரணர்ல சேரப்போறன் எண்டு நிக்கிறான். யூனிபோம், அணிநடை எண்டதும் எனக்குப் பயமா கிடக்கு. – ஒரு அம்மா, கிளிநொச்சி

பதில்: உங்கட பயம் விளங்குது அம்மா, சண்டை நடந்த வன்னியில எந்தத் தாய்க்கும் அது வரும். ஆனா இது ஆயுதப் பயிற்சி இல்லை, 1907ல இங்கிலாந்தில பேடன் பவல் எண்டவர் பெடியளோட கூடாரமடிச்சுத் தொடங்கினது, இலங்கைக்கு 1912லயே வந்திட்டுது, முடிச்சுப் போட, முதலுதவி செய்ய, சமைக்கத்தான் பழக்குவினம். சேர்க்க முதல் பொறுப்பாசிரியரை நேர போய்ப் பாருங்கோ. பாசறையில, அதாவது வெளியில கூடாரமடிச்சுத் தங்கேக்க, எத்தினை பெரியாக்கள் நிப்பினம், ராவில ஆர் பாப்பினம், குளம் கிணறு கிட்ட இருக்கோ எண்டெல்லாம் கேளுங்கோ, ஒரு பெரியாள் மட்டும் பிள்ளையோட தனிய நிக்கிற மாதிரியெண்டா விடாதேங்கோ. உடுப்பு உடன வாங்காதேங்கோ, கொஞ்ச நாள் போய்ப் பாக்கட்டும். மகனுக்கு இழுப்பு (ஆஸ்துமா) ஏதும் இருந்தா ஆசிரியரிட்ட எழுதிக் குடுங்கோ.