மூட்டு மாற்றிய பிறகு குத்தவைத்துப் பால் கறக்கலாமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். எனக்கு 61 வயதுங்க. இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோச்சு, மாற்றியே ஆகணும் என்கிறார்கள். கோயமுத்தூரில் ஒரு டாக்டர், “சின்னத் துளை போதும், மறுநாளே நடக்கலாம்” என்கிறார். இன்னொருவர் வழக்கமான ஆபரேஷன்தான் நல்லது என்கிறார். எதைச் செய்துகொள்வது? பழையபடி உட்கார்ந்து பால் கறக்க முடியுங்களா?

பதில்: அம்மா, ‘துளை’ என்ற சொல்லை நம்பாதீர்கள். பித்தப்பை ஆபரேஷன் மாதிரி இதைத் துளை வழியாகச் செய்ய முடியாது. செயற்கை மூட்டில், இடுப்பெலும்புக் குழியில் பொருத்தும் கிண்ணமே ஏறத்தாழ 5 செ.மீ. அகலம். சின்ன ஆபரேஷன் என்றாலும் 8 முதல் 10 செ.மீ. வெட்டு இருக்கும். வழக்கமான முறையில் 15 செ.மீ.க்கு மேலும் போகும். வைக்கிற மூட்டு இரண்டிலும் ஒன்றுதான்.

தோலைவிடத் தசைதான் முக்கியம். இடுப்பின் முன்பக்கமாக வெட்டி உள்ளே போனால் தசையை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகலாம். முதல் சில வாரம் வலி குறைவு, கைத்தடியைச் சீக்கிரம் விடலாம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. மறுநாள் நடப்பதா? வழக்கமான ஆபரேஷனிலும் மறுநாளே வாக்கரைக் கொடுத்து நடக்கவைக்கிறோம். அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை, அவ்வளவுதான்.

வெட்டு சிறிதானால் டாக்டருக்குத் தெரிகிற இடமும் குறுகும். பழகாத கை என்றால் கிண்ணம் கோணலாக உட்காரலாம், தொடை எலும்பில் விரிசல் விழலாம். முன்பக்க முறையில் தொடையின் வெளிப்புறம் மரத்துப்போவதும் உண்டு. உடம்பு பருமனாக இருந்தாலோ, அதே இடுப்பில் முன்பே ஆபரேஷன் ஆகியிருந்தாலோ வழக்கமான முறைதான் என் தேர்வு. “இந்த முறையில் மாசம் எத்தனை செய்யறீங்க?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

பால் விஷயத்துக்கு வருகிறேன். குத்தவைத்து, போசியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி, மாட்டின் மடிக்கு முன்னால் குனிகிறீர்கள் அல்லவா? இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கி, தொடையும் உள்பக்கம் திரும்புகிறது. இடுப்பின் பின்பக்கமாக வெட்டிப் போய் வைத்த மூட்டு கழன்றுகொள்ளத் தோதான நிலை அதுதான். முதல் மூன்று மாதம் ரொம்பவே ஆபத்து. முன்பக்க முறையில் இந்தப் பயம் குறைவு, ஆனால் அதிலும் நான் குத்தவைக்கச் சொல்வதில்லை. தழும்பு சின்னதாக இருப்பதால் இதில் சலுகை எதுவும் கிடையாது.

ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே கறவைக்கு ஆள் பாருங்கள். வீட்டில் குத்தவைக்கிற கக்கூஸ் மட்டும் என்றால், நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் வெஸ்டர்ன் வைத்துவிடச் சொல்லுங்கள். கட்டுத்தரைக்கு மெதுவாகப் போகலாம். சாணி ஈரத்தில் வழுக்கும், முதலில் அதைக் கழுவிவிடச் சொல்லுங்கள்.